வளவுக்குள் வந்த தண்ணீர்

கேள்வி: எங்கள் ஊர் ரயில்வே கேட்டுக்கு மேல் பாலம் வந்துவிட்டது. வண்டிகள் நிற்காமல் போகின்றன. பாலம் ஏறும் சரிவை ஒட்டிய எங்கள் தெருவில் கடைகள் ஓய்ந்துவிட்டன. பஸ் நிறுத்தமும் போயிற்று. ஐப்பசி மழையில் முற்றத்துத் தண்ணீர் வெளியேறாமல், முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் ஏறிவிட்டது. இந்தப் பாலத்தால் ஊருக்கு லாபமா, நட்டமா?
- ஓர் ஆச்சி, காரைக்குடி வட்டாரம்

பதில்: மூடிய கேட்டின் முன்னால் ஆம்புலன்ஸ் நின்றதைப் பார்த்தவர் யாரும் பாலம் வேண்டாம் என்று சொல்லமாட்டார். கடைகளுக்காகவும் பஸ்ஸுக்காகவும் அகலமான சர்வீஸ் சாலை கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் ஆச்சி, செட்டிநாட்டு வீட்டில், வளவுக்குள் தண்ணீரா? அதைப் படித்த பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

பெரிய ஆறு இல்லாத, வானம் பார்த்த பூமி இது. இங்கே வீடு கட்டியவர்கள் அடித்தளத்தை உயர்த்திக் கட்டினார்கள். ஓட்டில் விழுந்த மழை முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே தெருவுக்குப் போய், குளத்துக்கு நீர் கொண்டுபோகும் வரத்துக்காலில் சேர்ந்து, ஊர் குடிக்கும் குளமான ஊருணிக்கு ஓடியது. ஊருணி நிறைந்தால் மிச்சம் பாசன ஏரியான கண்மாய்க்கு. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. மாளிகைகளைப் படம் எடுக்க வருகிறவர்கள் இந்த வடிகாலையும் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும்.

மின்கம்பி ஓடும் தண்டவாளத்தைத் தாண்ட, சாலை ஏறத்தாழ 8 மீட்டர் உயர வேண்டும். 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஏறினால் ஒரு பக்கச் சரிவே 240 மீட்டர். தூண்கள் நிற்கும் இடத்தில் தண்ணீர் போய்விடும். இருபுறமும் சுவர் எழுப்பி மண் நிரப்பிய இடத்தில் எப்படிப் போகும்? மழைத் தண்ணீருக்கு அது கண்மாய்க் கரை. கரை போட்டவர்கள் மடை வைக்க மறந்திருக்கிறார்கள்.

ஊருணிகள் கொசு வளர்க்கும் குட்டைகள், தூர்த்துவிட்டுக் கடை கட்டலாம் என்று இதே பக்கத்தில் என்னோடு மல்லுக்கு நின்ற பேராசிரியர் ஒருவர் உண்டு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வரத்துக்காலை அடைத்துவிட்டு ஊருணியைக் குறை சொல்வது என்ன நியாயம்? நடுவில் கிணறு வெட்டி, படித்துறை கட்டி, உள்ளே கால் நனைக்கவும் விடாமல் காத்து, அந்தத் தண்ணீரைத்தானே தலைமுறை தலைமுறையாகக் குடித்தோம்! பாலம் கட்டுகிறவர்களில் அவருடைய சீடர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் போலும்.

கிராம வரைபடத்தில் அந்த வரத்துக்கால் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். பாலத்தின் வடிகால் வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்து, சரிவின் குறுக்கே குழாய் மதகு வேண்டும் என்று தெருவே கையெழுத்திட்டு, திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒரு நகல் எனக்கு வரட்டும், வரைபடத்தோடு அச்சிடுகிறேன்.