ரனிற்றிடின் போட்ட அம்மாவும் அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் ரின்னும்

“அம்மா பத்து வருடமாக நெஞ்செரிவுக்கு ரனிற்றிடின் போட்டவர். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருந்ததாம். இப்போது என்ன செய்வது, இனி எந்தக் குளிசையை நம்புவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரவு பதினொன்றரைக்கு இதை வாசித்தேன், நித்திரை போய்விட்டது. எங்கள் வீட்டில் அந்தக் குளிசையை வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

நான் டொக்டர் இல்லை. கீழே வந்து “படித்துவிட்டுப் பேசு” என்று எழுதப் போகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். பயந்துபோய்ப் படித்தது கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், தகரக் கூரை. அம்மாவின் குளிசைகள் எல்லாம் அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கும். மின்வெட்டுக்கென்று அதே இடத்தில் வைத்த மெழுகுதிரிகள் ஆனி, ஆடி மாதங்களில் வளைந்துபோகும். அதைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, பக்கத்தில் இருந்த ரின்னைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. ரின்னுக்குள் வெள்ளைத் துணியில் சுற்றிய ‘கனடாப் போத்தல்’ ஒன்றும் இருந்தது. அண்ணா 2014இல் வந்தபோது கொண்டுவந்த ரனிற்றிடின், 150 மில்லிகிராம். அம்மா தனக்கென்று அதைத் திறக்கமாட்டார். தனக்குப் பாமசிக் குளிசை. பக்கத்து வீட்டு மாமிக்கு நெஞ்செரிந்தால்தான் போத்தல் இறங்கும்.

2019 செப்டெம்பரில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அண்ணா வைபரில் வந்தார். “அம்மாவுக்கு நஞ்சையா குடுத்துக்கொண்டிருக்கிறாய்?” இதைக் கேட்டது அந்தப் போத்தலைக் கொண்டுவந்த அதே மனிதர். (அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்க ஆள் இல்லை, ஆனால் ரொறொன்ரோவிலிருந்து பாடம் எடுக்க ஆள் உண்டு. கூரைக்கு ஓடு போடலாம் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி, அது வேறு கதை.)

நடந்தது இதுதான். அந்த மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ரனிற்றிடின் குளிசைகள் சிலவற்றில் என்டிஎம்ஏ என்ற பொருள் இருப்பதாக அறிவித்தது. விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், மனிதருக்கும் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள் அது. ஒரு நாளைக்கு 96 நானோகிராம் வரை பரவாயில்லை என்பது அவர்கள் வைத்திருக்கும் எல்லை. ஒரு நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. 2018இல் வல்சார்ட்டான் என்ற பிரஷர் குளிசையிலும் இதே பொருள் சிக்கியது, ஆனால் அது தயாரிக்கும்போது சேர்ந்த அழுக்கு. ரனிற்றிடினில் அந்த மருந்தே நாட்பட உடைந்து இதை உண்டாக்குகிறது. சூடு கூடினால் இன்னும் அதிகமாக. அதனால்தான் 2020 ஏப்ரலில் ஸான்டாக் என்ற பெயரில் விற்றது உட்பட ரனிற்றிடின் முழுவதையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். சூடு பற்றிய அந்த வரியை வாசித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வளைந்த மெழுகுதிரிகள்தான்.

ரின்னைக் கொட்டி எல்லாவற்றையும் எறிந்தேன். கருவாட்டிலும் என்டிஎம்ஏ இருக்கும் என்று மருமகன் வாயை விட்டுவிட்டான். “அப்ப கருவாட்டையும் எறி, பாப்பம்” என்றார் அம்மா. எறியவில்லை.

இரண்டு வாரத்தில் எரிவு திரும்பி வந்தது, முன்பைவிட மோசமாக. கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் ரனிற்றிடினைப் பற்றி அரை நிமிடம்கூடப் பேசவில்லை. “வேற என்ன குளிசை போடுறீங்கள் அம்மா?” என்றுதான் கேட்டார். அம்மா கைப்பையிலிருந்து ஒரு கடதாசி உறையை எடுத்தார். முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயில் ஏற்றம் ஏறவேண்டுமென்று, அதே பாமசியில், டொக்டரின் துண்டு இல்லாமல், வருடக்கணக்காக வாங்கியிருக்கிறார். வயிற்றைப் புண்ணாக்கும் குளிசை காலையில், அந்த எரிவை மறைக்கும் குளிசை இரவில். கமரா விட்டுப் பார்த்தபோது வயிற்றில் புண் இருந்தது, உடம்பில் இரத்தமும் குறைவு. ஒரு வருடமாகக் களைக்கிறது என்று சொன்னதை நாங்கள் வயசு என்று விட்டிருந்தோம். மலம் கறுப்பாகப் போனதை அவர் வெட்கத்தில் சொல்லவேயில்லை.

ஆகவே என்னைக் கேட்டால், அந்த என்டிஎம்ஏயைவிட எனக்கு உறுத்துவது, ஏன் எரிகிறது என்று பத்து வருடம் கேட்காமல் விட்டதுதான்.

உங்கள் அம்மா விடயத்துக்கு வருகிறேன். ரனிற்றிடின் போட்டவர்களையும் அதே குடும்பத்து வேறு மருந்து போட்டவர்களையும் ஒப்பிட்டு 2023இல் ஓர் ஆய்வு வந்தது. பல நாடுகளில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ரனிற்றிடின்காரருக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை. எனக்கு அதுதான் நித்திரையைத் தந்தது. நெஞ்செரிவுக்குக் கொடுக்கும் வேறு குளிசைகளான பமொட்டிடின், ஒமெப்ரசோல் இரண்டிலும் அந்தப் பொருள் அகப்படவில்லை. அதற்காக ஒமெப்ரசோலை டொக்டரைக் கேட்காமல் வருடக்கணக்கில் விழுங்கவும் கூடாது, பி12, மக்னீசியம் குறையலாம். நாட்பட்டுப் போட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் அமிலம் துள்ளிக்கொண்டு வரும், டொக்டரைக் கேட்டுக் குறையுங்கள். கறுப்பு மலம், விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் மெலிவது இருந்தால் இங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வியர்த்துக் கைக்கு ஏறும் நெஞ்சு நோவைக் காஸ்றிக் என்று நினைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. மருந்தைத் திரும்பப் பெறும்போது பெரும்பாலும் குளிசை அட்டையில் அச்சிட்ட தொகுதி இலக்கத்தைச் சொல்லித்தான் அறிவிப்பார்கள். எங்கள் பாமசியில் அந்த அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பத்துக் குளிசை தருவார்கள். இலக்கமும் காலாவதித் திகதியும் மற்றப் பாதியோடு யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்விடும். உறையில் ‘காலை 1 இரவு 1’ மட்டும். உள்ளே வரும் தாளில் ஒருநாளும் தமிழைக் கண்டதில்லை. இப்போது நான் முழு அட்டையாகக் கேட்டு வாங்குகிறேன், முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

அம்மா இப்போது நல்ல சுகம். முழங்காலுக்குப் பரசிற்றமோல், கோயிலுக்கு ஆட்டோ. இந்தச் சித்திரைக்கு அண்ணா வந்தார், பமொட்டிடின் போத்தல் ஒன்றோடு. அம்மா அதை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு அலுமாரியை அண்ணாந்து பார்த்தார். நான் வாங்கி என் அறை மேசை லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த நாள் காலையே பக்கத்து வீட்டு மாமி வந்து கேட்டார்.