கோதுமைக் கப்பலின் தலைமேல் ஒரு விமானதளம்

சென்ற இதழில் கொழிஞ்சாம்பாறை வாசகி ஒருவர் அனுப்பிய பழைய கப்பல் படத்தை வெளியிட்டிருந்தோம். அவருடைய கேள்வியும், படத்தைப் பார்த்த எல்லையோர வாசகர்கள் எழுதிய வேறு சில கேள்விகளும் இந்த இதழில் ஒன்றாக இடம்பெறுகின்றன.

கேள்வி: என் அப்புச்சி ஐம்பதுகளில் கொச்சித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். ஆங்கிலேய மாலுமி ஒருவர் தந்ததாகச் சொல்லி அவர் வைத்திருந்த இந்தப் படத்தின் பின்புறம் பென்சிலால் 'எம்பயர் மெக்ஆல்பைன், 1943' என்று எழுதியிருக்கிறது. கப்பலின் மேல்தளம் களம்போல மொட்டையாக இருக்கிறது. அதன்மேல் இரட்டை இறக்கை விமானம் ஒன்று நிற்கிறது. ஆனால் அப்புச்சி கடைசிவரை இதைக் 'கோதுமைக் கப்பல், கண்ணு' என்றே சொன்னார். வயதாகி மறதி வந்துவிட்டது என்று வீட்டில் சிரித்துக்கொள்வோம். யார் சொன்னது சரி?
- கொழிஞ்சாம்பாறை வாசகி

பதில்: உங்கள் அப்புச்சி சொன்னதே சரி. அது கோதுமை ஏற்றிய சரக்குக் கப்பல்தான். விமானம் அதன் முதுகில் ஏறியது போர்க்காலத்து நெருக்கடியால்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்கு வேண்டிய உணவும் எண்ணெயும் பெருமளவு அட்லாண்டிக் கடலைக் கடந்தே வந்தன. தனித்துச் சென்றால் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாடிவிடும் என்பதால், சரக்குக் கப்பல்கள் கூட்டமாக, பாதுகாப்புக் கப்பல்கள் சூழ, கான்வாயாகப் போயின. நீர்மூழ்கி பெரும்பாலும் நீரின் மேல்மட்டத்தில்தான் வேகமாக ஓடும். விமானத்தின் ஓசை கேட்டால் மூழ்கியாக வேண்டும், மூழ்கினால் வேகம் குறைந்து கான்வாயைத் தவறவிட்டுவிடும். ஆகவே வானத்தில் ஒரு விமானம் சுற்றிக்கொண்டிருப்பதே பாதிக் காவல். ஆனால் இரு கரைகளிலிருந்தும் புறப்படும் விமானங்களுக்கு எட்டாத ஒரு பரப்பு நடுக்கடலில் இருந்தது. நீர்மூழ்கிகள் கூட்டங்கூடிக் காத்திருந்ததும் அங்கேதான்.

முதலில் செய்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. சரக்குக் கப்பலின் முன்பகுதியில் கவண்போன்ற ஓர் அமைப்பைப் பொருத்தி, அதிலிருந்து ஒரேயொரு ஹரிக்கேன் போர்விமானத்தை வானில் எறிந்தார்கள். திரும்பி வந்து இறங்க இடம் கிடையாது; அருகில் கரை இல்லாவிட்டால், வேலை முடிந்ததும் விமானி பாராசூட்டில் குதித்தோ விமானத்தோடு கடலில் இறங்கியோ, யாராவது வந்து தூக்குவார்கள் என்று காத்திருக்க வேண்டும். ஒரு விமானத்துக்கு ஒரு பயணம்தான்.

இதைவிட நல்ல வழியாக வந்ததுதான் உங்கள் படத்தில் இருக்கும் வகை. சரக்கைச் சுமந்தபடியே விமானங்களை ஏற்றவும் இறக்கவும் கூடிய கப்பல்கள் இந்த வகையில் மொத்தம் 19 இருந்தன. 13 எண்ணெய்க் கப்பல்கள், 6 தானியக் கப்பல்கள். இந்த வரிசையில் முதலில் கடலுக்கு வந்தது எம்பயர் மெக்ஆல்பைன். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் உள்ள பர்ன்ட்ஐலண்டு என்னும் சிற்றூரின் கப்பல்கட்டும் தளத்தில் 1942 டிசம்பர் 23 அன்று நீரில் இறக்கப்பட்டு, 1943 ஏப்ரலில் பணிக்குத் தயாரானது. 'எம்பயர்' என்பது பிரிட்டிஷ் அரசு தன் பொறுப்பில் கட்டியும் வாங்கியும் ஓட்டிய சரக்குக் கப்பல்களுக்குப் பொதுவாக வைத்த முன்பெயர்.

எண்ணெயையும் தானியத்தையும் மட்டும் ஏன் தேர்ந்தார்கள் என்பதில்தான் அப்புச்சியின் 'கோதுமைக் கப்பல்' என்ற சொல்லின் முழுப்பொருளும் இருக்கிறது. மூட்டையும் பெட்டியும் இயந்திரமும் ஏற்றும் கப்பலுக்குத் தளத்தில் பெரிய வாய்கள் வேண்டும், அவற்றின்மேல் பளுதூக்கும் கம்பங்கள் நிற்க வேண்டும். கம்பம் நிற்கும் இடத்தில் விமானம் ஓட முடியாது. எண்ணெய் குழாயில் வரும், குழாயில் போகும். உதிரித் தானியமும் ஏறத்தாழ அப்படித்தான். மேலிருந்து கொட்டலாம், இறக்கும்போது குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கலாம். நம் சித்தூர் தாலுகாவில் பழைய வீடுகளில் நெல் போட்டு வைத்த பத்தாயத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பத்தாயம் ஆள் உயரம் இருக்கும், ஆனால் நெல் வெளியே வருவதற்கு அடியில் ஒரு சாண் திறப்பு போதும். சின்ன வாய் போதும் என்றால், கப்பலின் தலையை மூடித் தளம் போட்டுவிடலாம். அப்படித்தான் 400 அடிக்குச் சற்றே கூடுதலான நீளமும் 62 அடி அகலமும் கொண்ட ஓடுதளம் இந்தக் கப்பலின் கிடங்குகளுக்கு மேலே வந்தது. பின்பகுதியில் நான்கு விமானங்களை இறக்கை மடித்து நிறுத்த ஒரு கொட்டகையும், அங்கிருந்து அவற்றை மேலே கொண்டுவர ஒரு லிஃப்டும் இருந்தன.

உதிரித் தானியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சாக்கில் கட்டாத நெல்லை லாரியில் ஏற்றி வாளையார்ப் பக்கம் ஒரு வளைவில் வேகமாகத் திருப்பினால் என்ன ஆகுமோ, அதுவே கடலிலும் ஆகும். கப்பல் ஒருபுறம் சாயத் தானியமும் அந்தப் புறமே ஓடிச் சேர்ந்து, சாய்வைக் கூட்டிவிடும். அதனால் கிடங்குகளுக்குள் தடுப்புப் பலகைகள் வைத்தே தானியம் ஏற்றுவது கப்பல்காரர்களின் பழைய வழக்கம். தலையில் விமானதளத்தின் பாரமும் ஏறிய கப்பலில் இந்தக் கவனம் எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: விமானம் சுமந்த பிறகு அது கடற்படைக் கப்பல்தானே? அதை யார் நடத்தினார்கள்?
- வேலந்தாவளம் வாசகர்

பதில்: இல்லை. வணிகக் கப்பலின் கேப்டன்தான் தலைவர். பின்புறம் பறந்தது வணிகக் கப்பல்களுக்குரிய சிவப்புக் கொடி. நிர்வாகம் லீத் நகரத்து பென் லைன் கம்பெனியிடம் இருந்தது. விமானிகளும் பழுதுபார்ப்போரும் கடற்படையினர். ஆனாலும் அவர்கள் மற்ற மாலுமிகளைப் போலவே கப்பலின் பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஏறினார்கள். இதில் ஒரு குறும்பும் உண்டு: விமானத்தின் உடலில் 'ராயல் நேவி' என்று இருந்ததை அழித்து 'மெர்ச்சன்ட் நேவி' என்று சிலர் எழுதிக்கொண்டார்கள்.

கேள்வி: படத்தில் இருக்கும் விமானம் பழைய காலத்துப் பட்டம் மாதிரி இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நீர்மூழ்கிகளை உண்மையிலேயே மூழ்கடித்தார்களா? அட்லாண்டிக் போரை இவைதாம் வென்று தந்தன என்று ஒரு காணொளியில் கேட்டேன்.
- வண்ணாமடை வாசகர்

பதில்: பட்டம் என்று நீங்கள் சொன்னது பொருத்தம்தான். ஸ்வார்ட்ஃபிஷ் என்னும் அந்த விமானம் இரட்டை இறக்கை கொண்டது, சட்டத்தின்மேல் துணி போர்த்தியது, விமானிகள் திறந்த இருக்கையில் காற்றில் நனைந்து உட்கார்ந்திருப்பார்கள். வேகத்தை எதிர்பார்க்கவே முடியாது. ஆனால் அந்த மந்தகதியே இங்கே உதவியது. மணிக்கு 12 கடல்மைல் ஓடும் சரக்குக் கப்பலின் குட்டையான தளத்தில் வேகமான விமானம் இறங்க முடியாது. ஸ்வார்ட்ஃபிஷ் மெதுவாக மிதந்து வந்து, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் தன் கொக்கியை மாட்டி நின்றுவிடும். ஒவ்வொரு முறை ஏறவும் இறங்கவும் கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டும். அதற்காகவே கான்வாயின் நடுவில் அதற்குத் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இந்த 19 கப்பல்களின் விமானங்கள் எந்த நீர்மூழ்கியையும் மூழ்கடித்ததாக உறுதியாகவில்லை. எம்பயர் மெக்ஆல்பைன் தன் முதல் கான்வாயோடு புறப்பட்டது 1943 மே மாதக் கடைசியில்; அதே மே மாதத்தில் ஜெர்மானியர் 40க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்து, வடஅட்லாண்டிக்கிலிருந்து தற்காலிகமாகப் பின்வாங்கிவிட்டார்கள். நெருக்கடியின் உச்சம் கழிந்த நேரத்தில் வந்து சேர்ந்த கப்பல் என்பதால், அதற்கே வெற்றி மாலையைச் சூட்டுவது மிகை என்பது என் கருத்து. ஆனால் காவல்காரன் திருடனைப் பிடித்தானா என்பதை மட்டும் வைத்து அவன் வேலையை அளக்க முடியாது. 19 கப்பல்களில் ஒன்றுகூடப் போரில் மூழ்கவில்லை.

காவல் எங்கே தோற்கும் என்பதையும் அந்தக் கப்பலே பார்த்தது. 1943 செப்டம்பரில், பிரிட்டனிலிருந்து வட அமெரிக்காவை நோக்கிப் போன கான்வாய் ஒன்றில் அது சென்றுகொண்டிருந்தது. மீண்டும் கடலுக்கு வந்திருந்த ஏறத்தாழ 20 நீர்மூழ்கிகள், ஒலியைத் தேடிப் பாயும் புதுவகை டார்பிடோவுடன் (நீருக்குள் தானே ஓடிச் சென்று வெடிக்கும் குண்டு) வழிமறித்தன. அந்த டார்பிடோ கப்பலின் சுழலி எழுப்பும் சத்தத்தைப் பின்தொடர்ந்து வரும். ஆகவே அதன் முதல் இலக்கு காவல் கப்பல்களே. அருகில் சென்ற இன்னொரு கான்வாயையும் இதனோடு சேர்த்துக் காப்பாற்ற முயன்றார்கள். அந்நேரம் பார்த்துக் கடல்மேல் கனத்த மூடுபனி இறங்கியது. விமானங்கள் தளத்தில் கட்டிப்போட்டபடி நின்றன. பனி விலகி, விமானங்கள் மறுபடி பறந்தும் சண்டை முடியவில்லை. கனடாவின் செயின்ட் குரோவா, பிரிட்டனின் பாலியாந்தஸ், இட்சன் ஆகிய காவல் கப்பல்கள் போயின. சரக்குக் கப்பல்கள் ஆறு மூழ்கின. முதல் இரண்டு கப்பல்களில் தப்பியவர்களை ஏற்றிச் சென்ற இட்சனும் மூழ்கியபோது, மூன்று கப்பல்களின் ஆட்களிலும் சேர்த்து மிஞ்சியவர்கள் மூன்றே பேர். எம்பயர் மெக்ஆல்பைனுக்குச் சேதம் இல்லை.

கேள்வி: போர் முடிந்தபின் அந்தக் கப்பல் என்ன ஆனது? அருங்காட்சியகத்தில் இருக்கிறதா?
- மீனாட்சிபுரம் வாசகர்

பதில்: இல்லை, அருங்காட்சியகத்துக்குப் போகுமளவு அதற்கு ஓய்வே கிடைக்கவில்லை. போரில் பிரிட்டன் இழந்த சரக்குக் கப்பல்களுக்கு அளவில்லை. நீரில் மிதக்கும் எதையும் கம்பெனிகள் வாங்கக் காத்திருந்தன. ஓடுதளத்தைக் கழற்றி, கொட்டகையையும் லிஃப்டையும் நீக்கி, வழக்கமான கம்பங்களை நட்டார்கள். போர் நடந்த ஆண்டுகளில் பங்கீட்டுக்கு உட்படாத ரொட்டிக்கு, போர் முடிந்தபிறகு 1946 ஜூலையில்தான் பிரிட்டனில் ரேஷன் வந்து, 1948 ஜூலைவரை நீடித்தது என்பதைச் சொன்னால், தானியம் ஏற்றும் ஒரு கப்பல் அப்போது எவ்வளவு வேண்டப்பட்டது என்பது புரியும்.

1946இல் அது 'டெரினேன்' ஆனது. அயர்லாந்துக் கடற்கரை ஊர் ஒன்றின் பெயர். 1951இல் 'ஹன்ட்ஸ்புரூக்', 1960இல் 'சூவா பிரீஸ்', அறுபதுகளின் பிற்பகுதியில் 'ஜாத்திங்காலே', பிறகு 'சான் எர்னெஸ்டோ' என்று பெயர்கள் மாறிக்கொண்டே போயின. சூவா என்பது ஃபிஜியின் தலைநகர். ஜாத்திங்காலே இந்தோனேசியாவின் செமராங் நகரத்தில் ஒரு பகுதி. நம் பாலக்காடு - பொள்ளாச்சித் தடத்தில் ஓடும் தனியார் பஸ் கை மாறும்போது கண்ணாடிக்கு மேலிருக்கும் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதிய முதலாளி தன் மகளின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ எழுதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவருக்கு அதே ஸ்டியரிங், பயணிக்கு அதே ஆட்டம். கப்பலும் அப்படித்தான். பின்னால் வந்த பெயர்களைப் படித்த யாருக்கும் அதன் தலைமேல் ஒருகாலத்தில் விமானம் இறங்கியது என்று தோன்றியிருக்காது. அது கொச்சிக்கு வந்ததா என்று நீங்கள் எல்லோருமே மனதில் கேட்பீர்கள். படத்தைத் தந்த மாலுமி அதில் வேலை பார்த்தவராக இருந்தால் போதும், கப்பலே வந்திருக்க வேண்டும் என்பதில்லை.

அதைக் கட்டிய பர்ன்ட்ஐலண்டு தளம், 1918 முதல் கப்பல்களைக் கட்டிக்கொண்டிருந்தது, 1969இல் மூடப்பட்டது. அந்தக் கப்பல் அதற்கு மறு ஆண்டு, 1970இல், ஹாங்காங்கில் பழைய இரும்புக்காக உடைக்கப்பட்டது.

கொழிஞ்சாம்பாறை வாசகிக்கு: படத்தின் பின்புறம் இருக்கும் பென்சில் எழுத்தின்மேல் பசை தடவி ஒட்டாதீர்கள், மெல்லிய உறை ஒன்றில் போட்டு வையுங்கள். எங்களிடம் இருக்கும் மூலப்படத்தை இந்த வாரமே பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறோம்.