ஐந்தாண்டு மறுஆய்வுக் குழு வரும்போது: கேள்வி பதில்

வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தன் நிறுவனங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளி நிபுணர்களை வைத்து மறுஆய்வு செய்யும். அந்த நிபுணர் குழுவை ஆங்கிலச் சுருக்கத்தில் கியூஆர்டி என்று சொல்வோம். எங்கள் நிறுவனத்தில் அந்தக் குழுவுக்கு உறுப்பினர் செயலராக இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அனுபவத்தைக் கேளுங்கள் என்றேன், வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

பணியில் சேர்ந்து எட்டு மாதம் ஆன விஞ்ஞானி: சார், ஆராய்ச்சி ஆலோசனைக் குழு வருஷா வருஷம் கூடுகிறதே, அப்புறம் கியூஆர்டி எதற்கு?

ஆலோசனைக் குழு, அதாவது ஆர்ஏசி, இனி எந்தப் பக்கம் போகலாம் என்று வழிகாட்டும். இயக்குநர் தலைமையில் கூடும் நிறுவன ஆராய்ச்சிக் குழு, அதாவது ஐஆர்சி, ஒவ்வொரு திட்டமாக எடுத்துப் பார்க்கும். கியூஆர்டி பார்ப்பது முழு நிறுவனத்தையும். எதற்காக இதைத் தொடங்கினோம், ஐந்து வருஷத்தில் அதைச் செய்தோமா, ஆட்கள், பண்ணை, பணம் எல்லாம் அதற்குத்தான் போனதா என்று கேட்கும். அறிக்கை தில்லிக்குப் போகும். போன முறை சொன்னது என்ன ஆயிற்று என்ற கேள்வியும் கட்டாயம் வரும்.

ஒரு நிறுவனத்தின் திட்டப் பிரிவிலிருந்து: தயாரிப்பை எப்போது தொடங்க வேண்டும்?

குழு அமைத்த கடிதம் வந்த பிறகு தொடங்கினால் தாமதம். நான் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று மாதம் ராத்திரி பத்து மணிக்கு முன் வீட்டுக்குப் போகவில்லை.

சிரமம் எழுதுவதில் இல்லை, எண்ணுவதில்தான். ஒரு பிரிவு ஜனவரியிலிருந்து கணக்கு எழுதியிருந்தது, இன்னொன்று ஏப்ரலிலிருந்து. இரண்டு பிரிவு சேர்ந்து நடத்திய ஒரே விவசாயிகள் பயிற்சியை இரண்டு பேரும் தங்கள் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். கூட்டினால் பயிற்சி எண்ணிக்கை எகிறிவிட்டது. கட்டுரைப் பட்டியலிலும் இதே கதைதான். மூன்று ஆசிரியர் எழுதிய கட்டுரை மூன்று முறை வந்திருந்தது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் குழுவின் கண்ணில் பட்டால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள். ஒரே படிவம், ஒரே நிதியாண்டுக் கணக்கு, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு ஃபைல் என்று முதல் வருஷத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த திட்டத்துக்கு நிறைவுப் படிவமான ஆர்பிஎஃப் மூன்று இல்லையென்றால், அது முடிந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இல்லை.

உதவிப் பேராசிரியர்: தோற்றுப்போன திட்டங்களைச் சொல்லலாமா, அடக்கி வாசிக்கலாமா?

சொல்லுங்கள். காரணத்தோடு சொல்லுங்கள்.

எங்களிடம் ஒரு பாசனச் சோதனையில் இரண்டாம் ஆண்டு மகசூல் பாதியாக விழுந்திருந்தது. செய்த விஞ்ஞானி மாற்றலாகிப் போய்விட்டார். கணினியில் எண் மட்டும் இருந்தது. அந்த வருஷத்தையே விட்டுவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. அன்று சாயங்காலம் பண்ணையில் இருந்த தொழில்நுட்ப அலுவலர் பீரோவைத் திறந்து, ஓரம் கறையான் அரித்த சிவப்பு அட்டை நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். பென்சிலில் எழுதியிருந்தார்: "மோட்டார் காயில் எரிந்தது. 11 நாள் தண்ணீர் இல்லை. பூக்கும் சமயம்." அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்துக் குழுவிடம் காட்டினோம். தோல்வி பற்றிய பேச்சு அங்கேயே நின்றது. பண்ணைக்கு மாற்று மோட்டார் ஏன் இல்லை என்று கேட்டார்கள். அது நாங்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வயல் குறிப்பேடு எழுதும் ஆட்களை மதியுங்கள். மறுஆய்வில் நிறுவனத்தின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் எங்களுக்கு அவர்கள்தான்.

வேளாண் அறிவியல் நிலைய ஊழியர்: விவசாயிகள் சந்திப்புக்கு எங்களைத்தான் ஆள் கூட்டி வரச் சொல்வார்கள். எப்படி நடத்துவது?

இதில் நாங்கள் செய்த தப்பை விவரமாகச் சொல்கிறேன். நீங்கள் செய்யாதீர்கள்.

எங்கள் நிலக்கடலை ரகத்தைப் பயிர் செய்த ஊருக்குக் குழுவை அழைத்துப் போனோம். குழுத் தலைவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் விஞ்ஞானி ஒருவரே மொழிபெயர்த்தார். ஒரு பெரியவர் எழுந்து கையை ஆட்டி ஆட்டி மூன்று நிமிஷம் பேசினார். மொழிபெயர்ப்பு ஒரே வரி: "மகசூலில் திருப்தி என்கிறார்." தலைவர் விடவில்லை. இவ்வளவு நேரம் பேசியது இவ்வளவுதானா என்று கேட்டார். கூட வந்த கல்லூரி மாணவியைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்.

பெரியவர் சொன்னது இது: "காய் நல்லாத்தான் புடிக்குது. ஆனா செடியப் புடுங்கினா காம்பு அறுந்து பாதிக் காய் மண்ணுக்குள்ளயே நிக்குது. அதப் பொறுக்க ஆளு வச்சா கூலிக்கே போயிருது."

பண்ணையில் நாங்கள் அறுவடை செய்யும்போது, மண்ணைக் கொத்தி உதிர்ந்த காயையும் பொறுக்கி எடை போடுவோம். அதனால் எங்கள் எண்ணில் இந்த நஷ்டம் தெரியவே இல்லை. ஐந்து வருஷ அறிக்கையில் இல்லாத ஒரு விஷயம் அந்த மூன்று நிமிஷத்தில் வந்தது. காம்பின் உறுதியையும் தேர்வில் சேர்க்க வேண்டும் என்று குழு எழுதியது.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் வெளியாளாக இருக்கட்டும். ரகத்தைப் பயிர் செய்துவிட்டுக் கைவிட்டவர்களையும் கூப்பிடுங்கள். மாலை, சால்வை, குத்துவிளக்குக்கு நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

ஜெர்மனியில் ஆய்வு செய்பவர்: நான் இருப்பது அரசு நிதியில் நடக்கும் லைப்னிட்ஸ் ஆராய்ச்சி நிறுவனங்களில் ஒன்று, எங்களுக்கும் இப்படி ஒரு மதிப்பீடு வருகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

லைப்னிட்ஸ் நிறுவனங்களை அதிகபட்சம் ஏழு ஆண்டுக்குள் ஒருமுறை மதிப்பிடுவார்கள். முடிவு மோசமானால், மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து தரும் நிதியே நின்றுபோகலாம். அதனால் அங்கே பயம் அதிகம், தயாரிப்பும் அதிகம். இங்கே அப்படி உடனே கதவை மூடுவதில்லை. எனக்கு அது நல்லதாகவே படுகிறது, குறையை வாய்விட்டுச் சொல்ல முடியும். ஆனால் அறிக்கை அலமாரியில் தூங்கும் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

ஆராய்ச்சி மாணவி: இளையவர்களிடம் குழு பேசும்போது இயக்குநரும் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வது?

அவர் உட்காரக் கூடாது அம்மா. நிகழ்ச்சி நிரலிலேயே "குழுவும் இளநிலை ஆய்வாளர்களும் மட்டும்" என்று போட்டுவிட வேண்டியது உறுப்பினர் செயலரின் பொறுப்பு. நானும் அந்த அறையை விட்டு வெளியே போனேன். பேசுபவர்கள் ஆளைக் குறை சொல்லாமல் விஷயத்தைச் சொன்னால் போதும். ரசாயனம் வாங்க எத்தனை மாதம் ஆகிறது, எந்தக் கருவி எத்தனை நாளாக ஓடவில்லை, இதெல்லாம் குழு எழுதிக்கொள்ளும்.

நிர்வாக அலுவலர்: அறிக்கை வந்த பிறகு?

நடவடிக்கை அறிக்கை, ஏடிஆர், எழுதுவோம் இல்லையா, அதில் "நடவடிக்கையில் உள்ளது" என்ற சொல்லை ஒரு தடவைக்கு மேல் அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு ஆள் பெயர், ஒரு தேதி, பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் பணம் என்று எழுதுங்கள். பணம் வேண்டாத பரிந்துரைகளை முதல் மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள். எங்களிடம் விதை சேமிக்கும் குளிர் அறை, முந்தைய குழு சொல்லி ஐந்து வருஷம் "நடவடிக்கையில்" இருந்தது. தலைவர் நடந்துபோய்ப் பார்த்தார். அறை இருந்தது. உள்ளே பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் நாற்காலிகளை ஏலத்துக்கு அனுப்பினோம். அடுத்த பட்ஜெட்டில் குளிரூட்டும் கருவியைச் சேர்த்தோம். நான் ஓய்வு பெறும் முன் விதைப் பைகள் அங்கே ஏறிவிட்டன.