இடித்த வீட்டு மனையில் காய்கறி போடலாமா?

கேள்வி: பழைய வீட்டை இடித்துப் பல வருடமாகச் சும்மா கிடக்கும் மனையைத் தோட்டம் போடக் கொடுக்கிறார்கள். மண்ணெல்லாம் செங்கல், காரை. அப்படியே விதைக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் ஈயம் (lead) என்ற நச்சு உலோகம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயின்ட் உதிர்ந்த மண்ணில், முக்கியமாகச் சுவர் நின்ற ஓரத்தில், அது பல பத்தாண்டுகள் தங்கியிருக்கும். பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழம்வரை மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சுவரோர மண்ணைத் தனிப் பையில் போடுங்கள். கலந்துவிட்டால் ஆபத்தான இடம் சராசரியில் மறைந்துவிடும். கன உலோகப் பரிசோதனை என்று சொல்லிக் கேளுங்கள். சாதாரண மண் பரிசோதனையில் ஈயத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஈயம் அதிகமென்றால் தரையைக் கொத்தவே வேண்டாம், தூசிதான் கிளம்பும். ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரித்து மேட்டுப்பாத்தி கட்டுங்கள். 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு ஒரு கன மீட்டருக்குச் சற்று அதிகமாக மண் வேண்டும்: இரண்டு பங்கு சுத்தமான மண், ஒரு பங்கு நன்கு மக்கிய உரம். வெறும் உரத்தால் நிரப்பினால் சில மாதங்களிலேயே பாத்தி இறங்கிவிடும். கியூபாவின் தலைநகர் ஹவானாவில் 1990களில் காலி மனைகள் காய்கறித் தோட்டமானதும் இப்படி வரம்பு கட்டிய பாத்திகளால்தான்.

மண் சுத்தமென்று தெரிந்து நேரடியாக நட்டாலும் காரைச் சுண்ணாம்பு தொல்லை தரும்: மண்ணிலுள்ள இரும்பைச் செடி எடுக்கவிடாது. இளந்தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை; யூரியா போட்டுப் பயனில்லை.