கருவை வடிக்கும் மரபணுக்கள்: முதுகுநாணிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: முதுகுநாண், அதாவது கருவின் முதுகுப் பக்கம் நீளும் கோல் போன்ற தாங்கி, ஒரு புதிய உறுப்பு. அப்படியென்றால் அதை உருவாக்கும் மரபணுவும் புதிதாகத்தானே வந்திருக்க வேண்டும்?

பதில்: அப்படித்தான் தோன்றும். நடந்தது வேறு. முதுகுநாணுக்கு இன்றியமையாத மரபணுவின் பெயர் பிராக்கியூரி. 1927இல் குட்டை வால் எலிகளை ஆராயும்போது அதன் பிறழ்வு தெரியவந்தது. இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் வால் குட்டையாகும். இரண்டுமே பழுதானால் முதுகுநாண் சரியாக உருவாகாது. கரு பிறக்கும் முன்பே இறந்துவிடும். ஆனால் இதே மரபணு, முதுகுநாணே இல்லாத கடல் சாமந்தியிலும் இருக்கிறது. அங்கே கருவின் செல்கள் உள்ளே மடங்கும் துளையைச் சுற்றி அது வேலை செய்கிறது. மரபணு மிகப் பழையது. முதுகுநாணிகளில் அதற்குக் கிடைத்த வேலைதான் புதியது. கீழே வரும் பதில்களிலும் இதே கதையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

கேள்வி: பழ ஈக்கு 8 ஹாக்ஸ் மரபணுக்கள், மனிதனுக்கு 39 என்று படித்தேன். எண்ணிக்கை கூடியதால்தான் நம் உடல் இவ்வளவு சிக்கலானதா, சார்?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தலையிலிருந்து வால்வரை எந்தப் பகுதி என்னவாக வேண்டும் என்று முடிவு செய்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். குரோமோசோமில் அவை எந்த வரிசையில் இருக்கின்றனவோ, கருவின் உடலிலும் ஏறக்குறைய அதே வரிசையில் வேலை செய்கின்றன. எத்தனை வருடம் படித்தாலும் இந்த ஒற்றுமை தரும் பிரமிப்பு எனக்கு அடங்கவில்லை.

மணலில் புதைந்து வாழும் ஆம்பியாக்சஸ் ஒரு முதுகுநாணி, ஆனால் முதுகெலும்பு இல்லாதது. அதனிடம் இருப்பது ஒரே ஒரு ஹாக்ஸ் தொகுதி, அதில் 15 மரபணுக்கள். நம்மிடம் 7, 17, 12, 2 ஆகிய குரோமோசோம்களில் ஒவ்வொன்றாக நான்கு தொகுதிகள். முதுகெலும்பிகளின் தொடக்கக் காலத்தில் மொத்த மரபணுத் தொகுப்பும் இருமுறை இரட்டித்ததன் தடம் இது. மரபணு இரட்டிப்புதான் பரிணாமத்துக்குப் புதிய மூலப்பொருள் தருகிறது என்று மரபியலாளர் சுசுமு ஓனோ 1970லேயே வாதிட்டார். அப்புறம் பல பிரதிகள் தொலைந்துபோய், நமக்கு மிஞ்சியவை 39.

ஆனால் எண்ணிக்கையை வைத்துச் சிக்கலை அளக்க முடியாது. வரிக்குதிரை மீனின் முன்னோர்களில் மேலும் ஒருமுறை இரட்டிப்பு நடந்தது. அதனிடம் ஏழு தொகுதிகள், நம்மைவிட அதிக ஹாக்ஸ் மரபணுக்கள்! பிரதி கிடைப்பதைவிட, கிடைத்த பிரதி என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். எலியில் என்கிரெயில்டு-1 என்ற ஒரே மரபணு கால் மொட்டிலும் நரம்பு செல்களிலும் வேலை செய்கிறது. வரிக்குதிரை மீனில் அதற்கு இரண்டு பிரதிகள். ஒன்று துடுப்பு மொட்டைக் கவனிக்க, மற்றொன்று நரம்பு செல்களைக் கவனிக்கிறது. சொத்தைப் பாகம் பிரித்த மாதிரி. இனி எந்தப் பிரதியையும் இழக்க முடியாது.

கேள்வி: ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டதும் ஹாக்ஸ் மாற்றத்தாலா?

பதில்: கழுத்தெலும்புகளின் எண்ணிக்கை மாறவில்லை, எலிக்கும் அதற்கும் ஏழுதான். கோழிக்குப் பதினான்கு. ஹாக்ஸ்-சி6 என்ற மரபணு எங்கே செயல்படத் தொடங்குகிறதோ, ஏறக்குறைய அங்கேதான் கழுத்து முடிந்து மார்புப் பகுதி தொடங்குகிறது. கோழியில் அந்த எல்லை பின்னால் தள்ளிப் போயிருக்கிறது.

கேள்வி: பாம்புக்குக் கால் மரபணு அழிந்துபோய்விட்டதா, அண்ணா?

பதில்: இல்லை. காலுக்கு மட்டும் என்று ஒரு மரபணு கிடையாது. கால் வளரத் தேவையான சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணு, மூளைக்கும் தண்டுவடத்துக்கும்கூட வேண்டும். அதை இழந்தால் பாம்பே இருக்காது. ஆனால் கால் மொட்டில் மட்டும் அதை இயக்கும் டிஎன்ஏ சுவிட்ச் ஒன்று தனியாக இருக்கிறது, மரபணுவிலிருந்து சுமார் பத்து லட்சம் எழுத்துகள் தள்ளி. பாம்புகளில் பழுதானது அந்த சுவிட்ச்தான்.

2016இல் இதைச் சோதித்தார்கள். எலியின் சுவிட்சை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தபோது, எலிக்குட்டிகளுக்குக் கால்கள் வெறும் குட்டை முனைகளாகவே நின்றுவிட்டன. மீனின் சுவிட்சை வைத்தபோதோ கால்கள் வழக்கம்போல வளர்ந்தன. மலைப்பாம்பின் சுவிட்சில் காணாமல் போயிருந்த 17 எழுத்துகளை மட்டும் திரும்பச் சேர்த்ததும் கால் மீண்டது. முன்பெல்லாம் மரபணு உருவாக்கும் புரதத்தில் வந்த மாற்றத்தை மட்டும்தான் தேடினோம். பரிணாமம் அதிகமாகக் கை வைத்தது இந்த சுவிட்சுகளில்.

கேள்வி: பூச்சிகளின் நரம்பு நாண் வயிற்றுப் பக்கம், நமக்கு முதுகுப் பக்கம். யாரோ புரட்டிப் போட்டதுபோல இருக்கிறதே?

பதில்: ஜெஃப்ரா செயின்ட் இலேர் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் 1822லேயே இதைச் சொன்னார், பலர் ஏற்கவில்லை. 1990களில் மரபணு ஆதாரம் வந்தது. தவளையில் முதுகுப் பக்கம் வேலை செய்யும் கார்டின் புரதத்தின் உறவுக்காரப் புரதம், ஈயில் வயிற்றுப் பக்கம் வேலை செய்கிறது. இரண்டும் ஒரே வகைச் சமிக்ஞையைத் தடுத்துத்தான் நரம்புக்கு இடம் ஒதுக்குகின்றன.

கேள்வி: முதுகெலும்பு இல்லாதவற்றில் ஆம்பியாக்சஸ்தான் நமக்கு மிக நெருங்கிய உறவு என்று படித்திருக்கிறேன். சரியா?

பதில்: 2006இலிருந்து அந்த இடம் அசிடியன்கள் அடங்கிய டூனிக்கேட்டுகள் என்ற கடல் உயிரிக் குழுவுக்கு. பாறையில் ஒட்டிய பை போன்ற அசிடியனைப் பார்த்தால் நம்பவே தோன்றாது. அதன் குஞ்சுப் பருவத்தைப் பாருங்கள்: முதுகுநாணோடு நீந்தும் சின்னத் தலைப்பிரட்டை. அதே குழுவைச் சேர்ந்த ஓய்க்கோப்ளூராவில் ஹாக்ஸ் தொகுதி சிதறியே போய்விட்டது, ஆனாலும் அது முதுகுநாணியாகவே வளர்கிறது. எளிமையாக இருப்பதெல்லாம் பழமையானது அல்ல. இவை பலவற்றை இழந்து எளிமையானவை.

கேள்வி: கடைசியாக ஒன்று. நமக்கு ஏன் வால் இல்லை?

பதில்: மறுபடியும் பிராக்கியூரிதான்! வாலில்லாக் குரங்குகளின் முன்னோரில், அந்த மரபணுவுக்குள் அலு என்ற டிஎன்ஏ துண்டு வந்து செருகிக்கொண்டது. அதனால் மரபணுவின் செய்தியில் ஒரு பகுதி சில நேரம் விடுபட்டு, குறைபட்ட புரதம் உருவாகிறது. 2024இல் வெளியான ஆய்வில், முழுச் செய்தியும் குறைபட்ட செய்தியும் சேர்ந்து இருக்கும்படி எலிகளை மாற்றினார்கள். வால் குட்டையானது, அல்லது வரவே இல்லை. குறைபட்ட செய்தி மட்டுமே இருந்த எலிக் கருக்களில் தண்டுவடம் சரியாக மூடாத கோளாறும் வந்தது. வாலை இழந்ததற்கு நம் முன்னோர் அப்படி ஒரு விலையும் கொடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.