பப்பில் ஒரு கறுப்பு முகம் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெரன்ஸ் டேவிஸின் ‘டிஸ்டண்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்’ (1988) பார்த்தேன். போர் முடிந்த காலத்து லிவர்பூல், அடிக்கும் அப்பா, பப்பில் கூடிப் பாடும் பெண்கள். துறைமுக ஊரில் வெள்ளையரல்லாத ஒருவர்கூடப் பாத்திரமாக வரவில்லையே என்றேன். இன்றைய அளவுகோலால் அன்றைய வாழ்க்கையை அளக்காதே என்கிறான் நண்பன். அந்தப் படத்தின் வெளிறிய வண்ணத்தில் ஒரு குறும்படம் எடுக்கும் எண்ணம் இருப்பதால் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

நண்பரின் வாதம் வேறு ஊருக்குப் பொருந்தலாம், லிவர்பூலுக்குப் பொருந்தாது. அங்கே கறுப்பர்கள் குடியிருப்பது 18ஆம் நூற்றாண்டிலிருந்து. 1919இல் சார்லஸ் வூட்டன் என்ற கறுப்பு மாலுமி, கும்பல் துரத்தியதில் குவீன்ஸ் டாக் என்ற கப்பல்துறைத் தண்ணீரில் செத்தார். 1948இல் மறுபடி கலவரம். இடையில், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் உழைத்த சீன மாலுமிகளை 1945–46இல் உள்துறை சந்தடியில்லாமல் நாடு கடத்தியது. பலருக்கு அந்த ஊரிலேயே மனைவி, குழந்தைகள். புருஷன் விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றே நெடுங்காலம் நம்பிய பெண்கள் உண்டு.

ஆனாலும் படத்தில் வரும் அந்த வீட்டுக்குள் தலை எண்ணாதீர்கள். அது டேவிஸ் தன் குடும்பத்தை வைத்து எடுத்த கதை. டேவிஸின் அம்மா பெற்றது பத்து, தங்கியது ஏழு. படத்தில் இருப்பது மூன்று பிள்ளைகள். கடைக்குட்டியான டேவிஸே அதில் இல்லை.

கேட்க வேண்டிய இடம் பப், தெரு, தியேட்டர். பப்பின் மூலையில் ஒரு கறுப்புத் துணை நடிகரை உட்காரவைத்தால் ஆயிற்றா? கறுப்பருக்கு ஊற்ற மாட்டோம் என்ற பப்கள் அன்று இருந்தன. பொது இடங்களில் அப்படி ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டமே 1965இல்தான் வந்தது. சிரித்தபடி பீர் குடிக்கும் அந்த ஆள், ஒதுக்கல் நடந்ததையே துடைத்துவிடுவார். (இன்றைய பீரியட் தொடர்கள் பலவற்றில் நடப்பது இதுதான்.) ஆளைச் சேர்ப்பதென்றால் திரைக்கதையில் சேருங்கள்: புருஷன் திரும்பி வராத பக்கத்து வீட்டுக்காரி, டாக்கில் உடன் வேலை செய்பவர். அவருக்கு ஒரு தேவையும் ஒரு மறுப்பும் இருக்கட்டும்.

என் குறை தியேட்டர் காட்சியில். மழை, குடைகள், கேமரா மேலேறுகிறது, உள்ளே அக்காதங்கை தேம்பி அழுகிறார்கள். ஒலிப்பது ‘லவ் இஸ் எ மெனி ஸ்ப்ளெண்டர்ட் திங்’ (1955) படத்தின் இசை. அதன் நாயகி சீன, ஐரோப்பிய ரத்தம் கலந்த டாக்டர். நடித்தவர் ஜெனிஃபர் ஜோன்ஸ், வெள்ளைக்காரி. அப்பனைப் பறிகொடுத்த நிஜக் கலப்புக் குழந்தைகள் அதே ஊரில் வளர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த முரண் டேவிஸுக்குப் பட்டதாகத் தெரியவில்லை. அம்மா ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கும்போது ஒலிப்பதும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரல்; அடுத்து அப்பாவின் அடி. கறுப்புக் குரலுக்கு மட்டும் அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறது.

நீங்கள் எடுக்க நினைக்கும் வண்ணத்துக்கு வருகிறேன். டேவிஸின் படத்தை லேபில் கழுவியபோது, வெள்ளியை நீக்க உதவும் பிளீச் கட்டத்தைத் தவிர்த்ததால் ஃபிலிமிலேயே வெள்ளி தங்கி, வண்ணம் வெளிறியது. பிரிண்டில் இதைச் செய்தால் நிழல் இன்னும் கறுக்கும். கருத்த தோலில் கன்னமும் கண்குழியும்தான் முதலில் காணாமல் போகும். டிஜிட்டல் கிரேடிங்கில் (கணினியில் வண்ணம் சீரமைப்பதில்) அதே சாயலை ஏற்றினாலும் இதே கதை. நிழல் பக்கம் ஃபில் லைட் (நிழலைத் தணிக்கும் துணை விளக்கு) கூட்டுங்கள், பின்சுவரை முகத்தைவிடச் சற்று வெளிச்சமாக வையுங்கள். டெஸ்ட் ஷூட்டுக்கு உதவி இயக்குநரை நிறுத்தாமல் அந்த நடிகரையே நிறுத்துங்கள்.