இருட்டுக்கு அழும் பிள்ளைகளும் மியூசியம் தியேட்டரும்

டீச்சர், தண்டையார்பேட்டையிலிருந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரை எழும்பூர் மியூசியம் தியேட்டருக்கு நாடகம் பார்க்க மெட்ரோவில் கூட்டிப் போகலாமா, விளக்கை அணைத்தால் சிலர் அழுவார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெட்ரோ வேண்டாம், வேன் வையுங்கள். சென்ட்ரலில் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும். எழும்பூரில் இறங்கிய பிறகும் தியேட்டர் இருக்கும் பாந்தியன் சாலைக்கு நடை இருக்கிறது.

இருட்டுதான் பெரிய விஷயம். முந்தைய நாளே வகுப்பில் ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்து, "இப்படி ஆனால் நாடகம் தொடங்கப்போகிறது" என்று விளையாட்டாகக் காட்டிவிடுங்கள். பயப்படும் பிள்ளையை வரிசை ஓரத்தில், உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். அழுதால் சட்டென்று வெளியே கூட்டிப் போகலாம். முகமூடி, பலத்த சத்தம் எல்லாம் எந்தக் காட்சியில் வரும் என்று நாடகக் குழுவிடமே கேட்டு வையுங்கள். பிள்ளைகள் கத்தினால் அதட்டாதீர்கள், நடிகர்களுக்கு அதுதான் உற்சாகம். அப்புறம், உள்ளே போகும் முன் எல்லோரையும் பாத்ரூமுக்கு அனுப்பிவிடுங்கள்.